தமிழில் டாக்டர்களை உருவாக்கியவர்

1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் பாய்க்கப்பல் ஏறிய இளம் டாக்டர் ஒருவர் அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சூயஸ் கால்வாய் திறப்பதற்கு இருபத்திரண்டு வருடம் முந்திய காலம். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடல் கடக்க வேண்டும். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். வந்து சேர்ந்த அந்த மாதத்தில்தான் அவருக்கு 25 வயது நிறைந்தது. கல்யாணம் ஆகவில்லை. எந்த மக்களுக்கு வைத்தியம் பார்க்க வந்தாரோ அவர்களுடைய மொழியில் அவர் தேறுவதற்கு இன்னும் காலம் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் என் தலைமுறையினருக்குக் கிறீன் என்றால் ஆஸ்பத்திரிதான். மானிப்பாயில் இருக்கிறது. என் சின்னம்மாவின் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். சுற்றுவட்ட ஊர்ச்சனம் "கிறீன் ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாறன்" என்று சொல்வார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர் என்ன செய்தார் என்பதை நான் மருத்துவப் படிப்பை முடித்து, அரசாங்க வைத்தியனாகப் பல ஊர் பார்த்த பிறகுதான் வாசித்து அறிந்தேன். அறிந்தபோது வந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர் அமெரிக்கரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையே போர் ஓய்ந்து அதிக காலம் ஆகவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வேலை செய்ய இடம் கொடுத்தார்கள். 1820இல் மிஷன் அனுப்பிய அச்சுத் தொழிலாளரைத் தீவில் தங்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். இப்படி ஒரு மூலைக்குள் ஒதுக்கப்பட்டதால் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பள்ளிக்கூடம், அச்சகம், மருந்துச்சாலை எல்லாம் நெருக்கமாக எழுந்தன. நடந்தே போகக்கூடிய தூரத்துக்குள் இத்தனை நிறுவனங்கள் அமைந்தது யாழ்ப்பாணக் கல்விக்குப் பெரிய வாய்ப்பாயிற்று.

கிறீனுக்கு முன்பே டாக்டர் ஜோன் ஸ்கடர் 1819இல் வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். பிறகு அவர் சென்னைக்குப் போனார். வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. ஸ்கடருக்குப் பின் வட்டுக்கோட்டையில் டாக்டர் நேதன் வார்ட் இருந்தார். அவருடைய இடத்துக்குத்தான் கிறீன் வந்தார்.

விட்டுவந்த வீடு சாதாரணமானதல்ல. மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரின் ஓரத்தில் கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணை. தகப்பனாருக்குப் பிள்ளைகள் 11 பேர். சாமுவேலுக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் வழக்கறிஞர். நியூயார்க்கின் நடுவில் சென்ட்ரல் பார்க் உருவானதற்கும், தனித்தனியாக இருந்த ஊர்களெல்லாம் 1898இல் ஒரே நியூயார்க் மாநகரமாக இணைந்ததற்கும் முன்னின்றவர் அவர். தம்பியும் நியூயார்க்கில் படித்துப் பட்டம் பெற்ற டாக்டர். அந்த ஊரில் பெயர்ப்பலகை தொங்கவிட்டிருந்தால் அண்ணனின் செல்வாக்கே போதும். அவரோ வீட்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும் ஊரைத் தேர்ந்துகொண்டார். கடவுள் தன்னை அழைத்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது. வைத்தியம் அவருக்கு ஊழியத்தின் ஒரு பகுதி. மருந்துச்சாலையில் நோயாளிகள் கூடியதும் முதலில் வேதவாசிப்பும் ஜெபமும் நடக்கும். பிறகுதான் நாடி பார்ப்பார்.

1848இல் மானிப்பாய்க்கு மாறினார். வருகிறவர்களில் பெரும்பாலோர் சைவர். காலையில் திருநீறு பூசிக்கொண்டு வந்து, மிஷன்காரரின் ஜெபம் முடியும்வரை இருந்து, கட்டியை அறுத்துக்கொண்டோ கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டோ வீட்டுக்குப் போனார்கள். ஊர்ப் பரியாரிமாரிடம் காட்டி, அவர்கள் கைவிட்ட நிலையில் வந்தவர்களும் பலர். மதத்தைப் பொறுத்தவரை அதிகமானோர் வந்தபடியே திரும்பினார்கள். அது அவருக்கு வருத்தமாயிருந்திருக்கும். ஆனாலும் மருந்துச்சாலைக் கதவு மூடப்படவில்லை.

அவர் வந்து மூன்று மாதத்துக்குள், 1847 டிசம்பர் 31 அன்று, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். நாவலரும் கிறீனும் ஏறத்தாழ ஒரே வயதினர். இருவருமே 1822இல் பிறந்தவர்கள். ஒருவர் சைவத்தைக் காக்கப் புறப்பட்டார், மற்றவர் கிறிஸ்துவை அறிவிக்க வந்தார். இருவரும் தமிழ் உரைநடையைத் தங்கள் கருவியாகக் கொண்டார்கள், அச்சகத்தை நம்பினார்கள், பாடநூல் எழுதினார்கள். நான் நாவலர் மரபில் வளர்ந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை. மிஷன்காரர் எங்கள் கோயில்களைப் பற்றி எழுதிய பலவற்றை வாசிக்கும்போது நெஞ்சு கொதிக்கும். கிறீனும் அந்தக் கருத்துகளிலிருந்து விலகி நின்றவரல்ல. அப்படியிருந்தும், மருத்துவத் தமிழுக்கு அவர் செய்ததை யாழ்ப்பாணத்துச் சைவர் நன்றியோடு நினைக்கவேண்டும் என்பது என் கருத்து.

1848இலேயே சில பையன்களைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். மிஷனின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த பையன்கள். அதே செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். அந்தத் தரத்துப் பிள்ளைகள். ஒரு வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். மிஷன் பள்ளியில் விடுதிப் பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளியின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்து வேளாளப் பையன் டான்போர்த் ஆவான், இன்னொருவன் சாப்மன் ஆவான். கிறீனின் மாணவர்களாகி, பிற்காலத்தில் அவருடைய மொழிபெயர்ப்புகளில் தோள்கொடுத்த டாக்டர்கள் டான்போர்த்தும் சாப்மனும் அப்படிப் பெயர் பெற்ற தமிழர்கள்தான். தாய்தகப்பன் இட்ட பெயரைப் பிடுங்கிய அந்த வழக்கம் நியாயமற்றது. அதைச் சொல்லாமல் அவர்களுடைய சாதனையை மட்டும் சொல்லிப்போக மனம் ஒப்பவில்லை.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பையன்களுக்கும் ஆங்கிலம் தெரியும், ஆசிரியரின் தாய்மொழியும் அதுவே. கல்கத்தாவிலும் சென்னையிலும் 1835இல் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பள்ளிகளும் ஆங்கில வழியில்தான் நடந்தன. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆங்கிலம் படித்தவன் கிராமத்தில் தங்கமாட்டான் என்பது மிஷனுக்குக் கண்முன்னே தெரிந்தது. செமினரி மாணவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் பட்டணங்களுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். 1855இல் பாஸ்டனிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு இதைக் காரணம் காட்டிச் செமினரியையே மூடியது. கிராமத் திருச்சபைகளுக்கு ஊழியர் வேண்டும், அதற்குத் தாய்மொழிப் படிப்பே போதும் என்பது அவர்கள் கட்சி. செமினரியை மூடியது பெரிய தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். யாழ்ப்பாணக் கல்லூரி 1872இல் எழும்பும்வரை உயர்கல்வியில் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை. அதே கவலைக்குக் கிறீன் கண்ட வழி வேறு. படிப்பின் தரத்தை இறக்காமல், அதே படிப்பை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது.

அதற்கான அடித்தளத்தை அவர் முன்னமே போட்டுவிட்டார். மானிப்பாயில் மிஷன் அச்சகம் இருந்தது. கால்வின் கட்டர் என்ற அமெரிக்கர் எழுதிய உடற்கூறு, உடற்றொழில், சுகாதார நூல் 1852இல் "அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்" என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. அவர் வந்து ஐந்தே வருடம். 1857இல் மோன்செலின் மகப்பேற்று நூல் "பிரசவ வைத்தியம்" ஆயிற்று. எது முதலில் வேண்டும் என்பதில் அவருக்கு நல்ல தெளிவு இருந்திருக்கிறது. உடம்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, அடுத்ததாகப் பிள்ளைப்பேற்றை எடுத்தார். யாழ்ப்பாணத்து வீடுகளில் மருத்துவிச்சியின் கையில் தாயும் பிள்ளையும் சேர்ந்து போன காலம் அது.

1857இல் உடல்நலம் கெட்டு ஊருக்குப் போனார். ஏறத்தாழ ஐந்து வருடம் அமெரிக்காவில் இருந்தார். அண்ணன் அப்போது சென்ட்ரல் பார்க் ஆணைக்குழுவில் இருந்து பூங்காவை எழுப்பிக்கொண்டிருந்தார். நாடே உள்நாட்டுப் போரில் இறங்கியது. நாற்பதை எட்டும் வயதில், நியூயார்க்கிலோ வூஸ்டரிலோ தங்கிவிட எல்லாக் காரணங்களும் கையில் இருந்தன. 1862இல் மார்கரெட் வில்லியம்ஸைக் கைப்பிடித்து, அதே வருடம் மனைவியோடு மானிப்பாய்க்குப் புறப்பட்டார். முதல் பயணத்தை இளமையின் வேகம் என்று சொல்லலாம். வெயிலையும் காய்ச்சலையும் தனிமையையும் பத்து வருடம் அனுபவித்தவர் இரண்டாம் முறை போனதை அப்படிச் சொல்ல முடியாது. என் பார்வையில் அவருடைய விசுவாசத்துக்கு இதுவே பெரிய சான்று.

1864இல் தமிழ் வழியில் மருத்துவ வகுப்பு தொடங்கியது. அதன் பிறகு வந்த நூல்களின் வரிசை மலைக்க வைக்கிறது. 1867இல் "இரண வைத்தியம்", அதாவது ட்ருவிட்டின் அறுவை நூல். 1872இல் "மனுஷ அங்காதிபாதம்", "வைத்தியாகரம்" என்று இரண்டு பெருநூல்கள். எல்லாமாகச் சேர்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேல் வரும். சொல் தேடும்போது முதலில் தமிழில் பார்ப்பார்கள், கிடைக்காவிட்டால் வடமொழியில், அங்கும் இல்லையானால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதிக்கொள்வார்கள். இதற்காகத் தனியே சொற்றொகுதிகளும் வெளியிட்டார்கள்.

"மனுஷ அங்காதிபாதம்" எதுவென்று இந்தக் காலத்து மருத்துவ மாணவருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அது கிரேயின் உடற்கூற்று நூல். உலகம் முழுவதும் இன்றுவரை பதிப்பிக்கப்படும் "கிரேஸ் அனாட்டமி"தான். லண்டனில் அது முதன்முதலாக வெளிவந்தது 1858இல். பதினான்கு வருடத்துக்குள் யாழ்ப்பாணத்து மாணவன் அதைத் தமிழில் படித்தான். எழுதிய ஹென்றி கிரே அதற்குள் அம்மை நோயில் இறந்துவிட்டார்.

அந்த நூலின் பழைய பிரதி ஒன்றை ஒரு பரியாரியார் வீட்டில் கையில் வாங்கிப் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. அவருடைய பூட்டனார் மானிப்பாயில் படித்தவராம். முதுகுக்கட்டு விட்டுப்போய்ச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பூச்சி அரித்த ஓட்டைகள் பக்கம் பக்கமாக ஊடுருவிப் போயிருந்தன. எலும்புகளைப் பற்றிய பகுதியில் ஓரமெங்கும் பென்சில் எழுத்து. தமிழ்ப் பெயருக்கு எதிரே சிறிய எழுத்தில் ஆங்கிலப் பெயர், சில இடங்களில் ஒரு கோடு, சில இடங்களில் கேள்விக்குறி. யாரோ ஒரு பெடியன் விளக்கு வெளிச்சத்தில் இருந்து பாடமாக்கிய பக்கங்கள். நான் பேராதனையில் படித்தபோது என் புத்தக ஓரங்களிலும் இதே வேலையைச் செய்தேன், ஆங்கிலத்துக்கு எதிரே தமிழை எழுதி. பரியாரியார் அந்தப் புத்தகத்தை வெறும் நினைவுப் பொருளாக வைத்திருக்கவில்லை. முறிவு தறிவுக்கு வருகிறவர்களுக்கு எந்த எலும்பு எங்கே பொருந்துகிறது என்று காட்ட அதை விரிப்பாராம்.

கிறீனிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. தன் மாணவர்கள் கோட்டும் காற்சட்டையும் அணிவதை அவர் விரும்பவில்லை. வேட்டி சால்வையோடு, தமிழராகவே இருந்து வைத்தியம் பார்க்கவேண்டும் என்றார். கிறிஸ்தவராக மாறினாலும் ஐரோப்பியராக மாறவேண்டாம் என்பது அவர் எண்ணம். மாணவர்கள் சிலருக்கு இது கசந்தது. உத்தியோக மதிப்பு உடையில் இருந்த காலத்தில், வெள்ளைக்காரர் ஒருவர் எங்களை மட்டும் ஏன் தடுக்கிறார் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் நியாயம் உண்டு. தன் உடையைத் தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கு உரியது. ஆயினும் அவர் எதை அஞ்சினார் என்பது எனக்கு விளங்குகிறது. நோயாளியிடமிருந்து விலகி நிற்கும் டாக்டர்களை உருவாக்கிவிடுவோமோ என்ற அச்சம் அது.

1866, 67இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி பரவியது. கிணறும் குளமும் நீர்நிலையாக இருந்த ஊரில் அது வீடுவீடாகப் பாய்ந்தது. கிறீனின் வேலை அந்த நாட்களில்தான் பரீட்சைக்கு வந்தது. ஓர் அமெரிக்க டாக்டர் மட்டும் இருந்திருந்தால் மானிப்பாயைச் சுற்றிய சில ஒழுங்கைகளைத்தான் பார்த்திருக்க முடியும். அவர் பயிற்றிய தமிழ் வைத்தியர்கள் ஊர்களுக்குப் போனார்கள், நோயாளியின் பாயருகே இருந்து அவர்களுடைய பேச்சிலேயே விசாரித்தார்கள், மருந்து கொடுத்தார்கள். அரசாங்க அதிபர் டைக் 1850இல் தொடங்கிவைத்த யாழ்ப்பாண நகர ஆஸ்பத்திரியிலும் கிறீனின் மாணவர்கள் வேலை செய்தார்கள். இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் வேர் அதுதான்.

1873இல் கிறீன் கடைசியாகக் கப்பலேறினார். உடம்பு தளர்ந்துவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் வேலையைத் தொடர்ந்தார். 1875இல் இரசாயன நூலான "கெமிஸ்தம்", 1883இல் உடற்றொழில் நூலான "மனுஷ சுகரணம்". இறந்த 1884ஆம் ஆண்டிலும் ஒரு மருந்து நூல் வெளிவந்தது. தபாலில் தாள் போய், திருத்தி, மறுபடி வந்து, அச்சேறி வருவதற்கு எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும். வூஸ்டர்க் கல்லறையில் தன் பெயருக்குக் கீழே, தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கச் சொல்லியிருந்தார். அப்படியே பொறித்தார்கள்.

அவர் போன பிறகு ஏறத்தாழ இருபது வருடம் மானிப்பாய்க்கு வேறு அமெரிக்க டாக்டர் வரவில்லை. 1893இல் ஸ்கொட் தம்பதியர் வரும்வரை அந்த இடம் முழுக்கப் பாழாகிவிடாமல் வைத்தியம் தொடர்ந்ததற்குக் காரணம் கிறீனின் மாணவர்கள். தமிழ் வழி மருத்துவக் கல்வி மட்டும் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. அங்கே படித்தவனுக்கு அரசாங்க வேலை உறுதி. மானிப்பாயில் படித்தவனுக்கு அந்த உறுதி இல்லை. கெட்டிக்காரப் பெடியனைத் தகப்பன் எங்கே அனுப்புவான்? மொழியில் குறை இருந்ததால் அந்த முயற்சி நின்றது என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நின்றதற்குக் காரணம் உத்தியோகம்.

1978இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவ பீடம் வந்தது. அங்கும் பாடம் ஆங்கிலத்தில். உலக ஆராய்ச்சியைப் பின்தொடர ஆங்கிலம் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். என்றாலும் வார்டில் கட்டிலைச் சுற்றி நின்று நாங்கள் ஆங்கிலத்தில் பேசி முடித்துப் போன பின், "என்ன மோனை சொல்லிப்போட்டுப் போகினம்?" என்று ஓர் ஆச்சி தாதியிடம் கேட்கும் குரலைச் சேவைக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அறியும் உரிமை அந்த ஆச்சிக்கு இருக்கிறது. கிறீனின் மாணவர்கள் அதை அவளுக்கு முதலிலேயே சொல்லியிருப்பார்கள்.

இந்த நூல்களை இன்று தேடினால் எளிதில் கிடைக்காது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. பழைய வீடுகள் போரில் இடிந்தன. எஞ்சியவை சில நூலகங்களிலும், நான் பார்த்ததைப்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீட்டுப் பெட்டகங்களிலும் கிடக்கின்றன. கவிஞர் அம்பி கிறீனைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல் எழுதி இந்த நினைவைக் காப்பாற்றித் தந்தார். அதற்கு மேல் இரண்டு வேலைகள் மீதம் இருக்கின்றன. எட்டு நூல்களையும் ஒழுங்காக மின்வருடி எல்லோருக்கும் கிடைக்கச் செய்யவேண்டும். அவற்றின் சொற்றொகுதிகளை மட்டுமாவது, இன்றைய மருத்துவத் தமிழ் அகராதி செய்கிறவர்கள் வரிவரியாகப் படித்துப் பயன்படுத்தவேண்டும். யாழ்ப்பாண மருத்துவ பீடமும் தமிழ்நாட்டு மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் இரண்டும் முடியக்கூடியவை. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் முன்னோர் வைத்துப் போன பழைய வைத்தியப் புத்தகம் ஏதாவது இருந்தால், கடதாசிக் கடைக்குப் போடுவதற்கு முன் முதல் பக்கத்தைத் திறந்து பெயரைப் பாருங்கள்.